கோவை மோட்டாரும் லண்டன் பியூசும்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் உள்ள பாத்திரக் கடைகளில் இட்லிச் சட்டிக்கும் தோசைக்கல்லுக்கும் நடுவே கிரைண்டர் ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். வாங்க வருபவர்கள் கல்லைத் தடவிப் பார்க்கிறார்கள், எத்தனை லிட்டர் என்று விசாரிக்கிறார்கள், பத்து வெள்ளியாவது குறைக்கச் சொல்கிறார்கள். கருவியைச் சாய்த்து அடியில் பார்ப்பவர் மிகக் குறைவு. அங்கே ஒரு சின்னத் தகட்டிலோ ஒட்டுத்தாளிலோ நான்கைந்து எண்கள் இருக்கும். வோல்ட், ஹெர்ட்ஸ், வாட், ஆம்பியர். அந்தக் கிரைண்டர் பத்து வருஷம் ஓடுமா, அடுத்த தீபாவளிக்குள் புகைந்து போகுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த ஆம்பியர் எண்ணும், அதற்கு நாம் கொடுக்கும் மரியாதையும்தான்.

அந்த எண் எழுதப்பட்ட ஊர் கோயம்புத்தூர். 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கீழே இறங்கியதும், பருத்தி ஆலைகளும் வயல் கிணற்றுப் பம்புகளும் மோட்டார் கேட்கத் தொடங்கின. வெளிநாட்டிலிருந்து வந்த மோட்டார்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஊர் அது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அங்கே உருவாக்கியதுதான் இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுகிறது. 1955இல் பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்தார். பிறகு ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு பக்கத்துச் சிறு பட்டறைகள் அதைப் பெருக்கின. ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல், உள்ளூர் வார்ப்பு, உள்ளூர்ச் சுற்றுவேலை எல்லாம் சேர்ந்து, ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்ற பெயருக்கே 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பட்டறையில் மோட்டாரைச் சுற்றுபவர் எனாமல் பூசிய செம்புக் கம்பியை இரண்டு தொகுதியாகச் சுற்றுகிறார். ஒன்று ஓடுவதற்கு, இன்னொன்று கெப்பாசிட்டரோடு சேர்ந்து கிளப்பி விடுவதற்கு. கம்பியின் மேலுள்ள அந்த எனாமல் பூச்சுதான் மோட்டாரின் ஆயுள். அது எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதை வைத்துத்தான் எத்தனை ஆம்பியர் வரை இழுக்கலாம் என்று தகட்டில் எழுதுகிறார்கள். மின்காப்புப் பொருள் தனக்குரிய வெப்பநிலையைத் தாண்டி ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது பழைய கணக்கு. இன்றும் பொறியாளர்கள் அதைக் கையில் வைத்தே யோசிக்கிறார்கள். மோட்டார் ஒரே நாளில் சாவது அபூர்வம். தினமும் கொஞ்சம் அதிகமாகச் சூடாகி, பூச்சு கருகி உதிர்ந்து, ஒருநாள் இரண்டு சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன.

பெட்டியில் அடைத்துச் சென்னையிலோ தூத்துக்குடியிலோ கப்பலேறும் கிரைண்டருக்கு மலேசியா ஒரு வகையில் சொந்த ஊர் மாதிரி. அமெரிக்காவுக்குப் போகும் கிரைண்டரை 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கென்று தனியாகச் சுற்ற வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. இந்தியாவிலும் 50 ஹெர்ட்ஸ், இங்கும் 50 ஹெர்ட்ஸ். முன்பு இங்கே 240 வோல்ட் என்று இருந்தது. 2008 ஜனவரி 1 முதல் 230 வோல்ட், அதற்கு மேல் 10 விழுக்காடும் கீழ் 6 விழுக்காடும் ஏறி இறங்கலாம் என்று மாற்றினார்கள். ஆகவே கோவையின் 230 வோல்ட் மோட்டார் இங்கே வந்து செருகியதும் ஓடும். ஓடுகிறதே என்பதால், வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

அது வந்து இறங்கும் கிள்ளான் துறைமுகம், 1901இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ‘ரஜுலா’ கப்பல் ஏறியவர்கள் இறங்கிய கரை. ஆனால் இந்த வட்டாரத்துக்கு மின்சாரம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் தமிழர். 1894இல் ரவாங்கில், தங்கள் ஈயச் சுரங்கத்தை நடத்துவதற்காக லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். தீபகற்ப மலேசியாவில் மின்சாரம் உற்பத்தியானதற்கான முதல் பதிவு அதுதான். தம்புசாமி பிள்ளை என்றதும் நமக்குக் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோவிலும் பத்துமலையும் நினைவுக்கு வரும், வரவேண்டியதுதான். இந்நாட்டின் முதல் மின்னாக்கியோடும் அவர் பெயர் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அடுத்த ஆண்டு, 1895இல், கோலாலம்பூர் ரயில் நிலையங்களுக்கு மின்சாரம் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே வேலைக்காரர்களாகக் குடியேறிய நம்மவர்கள், அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தார்கள்.

இனி, எதிர்த் திசையிலிருந்து வந்த இன்னொரு பொருள். கிரைண்டரின் மூன்று சதுரக்கால் பிளக்கைத் திறந்தால் உள்ளே விரல் நுனி நீளத்தில் ஒரு பீங்கான் குழல் இருக்கும். அதுதான் பியூஸ். அதன் பூர்வீகம் லண்டன். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள்ளேயே, போருக்குப் பிறகு கட்டப்போகும் லட்சக்கணக்கான வீடுகளுக்கு எப்படி வயர் இழுப்பது என்று பிரிட்டனில் ஒரு குழு யோசித்தது. அதில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். செம்பு கிடைக்காத காலம். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி வயர் இழுக்காமல், வளையமாக ஒரே வயரை ஓடவிட்டு அதில் பல சாக்கெட்டுகளைப் பொருத்தலாம் என்று 1944இல் பரிந்துரைத்தார்கள். ஆனால் அந்த வளையத்துக்கு 30 ஆம்பியர் காவல். மேசை விளக்கின் மெல்லிய வயரில் கோளாறு வந்தால், 30 ஆம்பியர் பியூஸ் உருகுவதற்குள் அந்த வயர் தீப்பிடித்துவிடும். அதனால் ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் தனியாக ஒரு சின்ன பியூஸ் வைத்தார்கள். 1947இல் பி.எஸ். 1363 என்ற தரமாக அது வெளிவந்தது. மலாயா அதைச் சுவீகரித்துக்கொண்டது. இந்தியாவோ பழைய வட்டக்கால் பிளக்கோடு நின்றுவிட்டது. அதற்குள் பியூஸ் இல்லை. ஊரிலிருந்து உறவினர் பெட்டியில் கட்டி எடுத்துவந்த கிரைண்டரை, வட்டக்காலை வெட்டியெறிந்து சதுரக்கால் மாட்டி, உள்ளே கையில் கிடைத்த 13 ஆம்பியர் பியூசோடு ஓட்டும் வீடுகள் இங்கே ஏராளம்.

அந்தப் பீங்கான் குழல் கிரைண்டருக்காகப் பிறந்ததல்ல. பிளக்கிலிருந்து கருவிவரை போகும் வயருக்காகப் பிறந்தது. மோட்டாரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு மேசைக் கிரைண்டர் 150 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது முக்கால் ஆம்பியர் அளவில் இழுக்கும். சரியாக ஊறாத அரிசி கல்லிடுக்கில் சிக்கிக் கல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? ஓடும் மோட்டார் தன் சுழற்சியாலேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் ஓட்டத்தைத் தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது. நின்றுபோன மோட்டாருக்கு அந்தத் தடுப்பு இல்லை. நான்கு, ஐந்து மடங்கு இழுக்கும். அதாவது மூன்று முதல் நான்கு ஆம்பியர். கம்பியில் உண்டாகும் சூடு ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், நான்கு மடங்கு ஓட்டம் பதினாறு மடங்கு சூடு. காற்று வீசும் விசிறியும் நின்றுபோயிருக்கும்.

இப்போது பியூஸ் என்ன செய்யும்? அந்த வகைப் பியூஸுக்கான தரத்தின்படி, தன் எண்ணைப் போல் 1.6 மடங்கு ஓட்டத்தை அரைமணி நேரம் உருகாமல் தாங்க வேண்டும், 1.9 மடங்கு வந்தால் அரைமணிக்குள் உருக வேண்டும். 13 ஆம்பியர் பியூஸ் ஏறத்தாழ 20 ஆம்பியரை அரைமணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். நான்கு ஆம்பியரில் மோட்டார் கருகிச் சாம்பலானாலும் அதற்குச் செய்தியே எட்டாது. சரி, 3 ஆம்பியர் பியூஸ் போட்டால்? மூன்றை 1.6ஆல் பெருக்கினால் 4.8. நின்றுபோன மோட்டாரின் நான்கு ஆம்பியர் அதற்கும் கீழேதான். மெல்லிய வயருக்கு 3 ஆம்பியர் பியூஸ் நல்லது, கையேடு அப்படிச் சொன்னால் அதையே போடுங்கள். ஆனால் மோட்டாரைக் காப்பாற்றும் வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

அந்த வேலைக்கு நல்ல தயாரிப்பாளர்கள் சுற்றுக்கு உள்ளேயே வெப்பக் காப்பு வில்லை ஒன்றைக் கட்டி வைக்கிறார்கள். இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சின்னத் தகடு சூட்டில் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். சில கருவிகளில் அடியில் சிவப்பாக ஒரு ரீசெட் பொத்தான் இருக்கும். கிரைண்டர் வாங்கும்போது கல்லைத் தடவுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது: “மோட்டார்ல ஓவர்லோடு கட்-ஆஃப் இருக்கா?”

வீட்டுக் கிரைண்டரின் கதை இத்தோடு சுருக்கமாக முடிந்துவிடும். கடைக் கிரைண்டரின் கதைதான் நீளம். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் விடியற்காலை நான்கு மணிக்கே மாவு அரைக்கும் பலகாரக் கடைகளின் பின்கட்டில் 1 எச்.பி., 2 எச்.பி. சாய்வு கிரைண்டர்கள் ஓடுகின்றன. ஒரு குடும்பத்தின் சம்பாத்தியமே அந்தக் கல்லில் சுற்றுகிறது. அந்த மோட்டார் எரிந்தால், சுற்றித் தருவதற்கு ஆகும் வெள்ளியைவிட, மாவு இல்லாமல் போகும் நாட்கள்தான் பெரிய நஷ்டம்.

தகட்டில் 6 ஆம்பியர் என்று எழுதிய 1 எச்.பி. மோட்டாரை எடுத்துக்கொள்வோம். இதற்குத் தனியாக ஸ்டார்ட்டர் பெட்டி வேண்டும். அதற்குள் மின்சாரத்தை இணைத்து விடும் கான்டாக்டரும் மிகையோட்டம் வந்தால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயும் இருக்கும். அல்லது இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் மோட்டார் பிரேக்கர் ஒன்றைப் போடலாம். கடையில் அவை 2.5 முதல் 4 வரை, 4 முதல் 6.3 வரை, 6 முதல் 10 வரை என்று எல்லை வைத்து விற்கப்படுகின்றன. 6 ஆம்பியர் மோட்டாருக்கு 4–6.3 எல்லை சரியாகப் பொருந்தும். முகப்பில் ஒரு திருகு. அதைத் திருப்பித் தகட்டின் எண்ணிலேயே, 6இலேயே, நிறுத்த வேண்டும்.

இந்த இடத்தில்தான் படித்தவர்களே தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்க மின்விதியின் 430ஆம் பிரிவு, ஓவர்லோடு காவலை மோட்டாரின் எண்ணுக்கு 115 அல்லது 125 விழுக்காட்டில் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. அதைப் பாடப்புத்தகத்தில் படித்தவர் இங்கே வந்து 6–10 எல்லை ரிலேயை எடுத்து அதன் திருகை ஏழரைக்குத் திருப்புகிறார். ஆனால் நாம் வாங்கும் ஐ.இ.சி. வகை ரிலேக்குள் அந்தச் சலுகை ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. வைத்த எண்ணின் 1.05 மடங்குவரை அது இரண்டு மணி நேரம் அசையாது. 1.2 மடங்கு வந்தால் இரண்டு மணிக்குள் துண்டிக்கும். ஏழரைக்குத் திருப்பினால் 9 ஆம்பியர்வரை அது வாய் திறக்காமலே இருக்கலாம். 6 ஆம்பியர் மோட்டாரில் 9 ஆம்பியர் என்றால் சூடு இரண்டேகால் மடங்கு. சலுகைமேல் சலுகை கொடுத்து மோட்டாரைக் கொல்கிறோம். 6இல் வைத்திருந்தால், வகுப்பு 10 ரிலே அதே 9 ஆம்பியரை, சூடான நிலையில், நான்கு நிமிடத்துக்குள் துண்டித்துவிடும். கல் முழுக்க நின்று ஏழு மடங்கு இழுத்தால் நான்கு முதல் பத்து நொடிக்குள். அதே சமயம் கிளம்பும்போது ஓரிரு நொடி பாயும் பெரிய ஓட்டத்தை அது பொறுத்துக்கொள்ளும். சாதாரண பியூசால் முடியாத வேலை இது. பெரிய ஓட்டத்தைக் கொஞ்ச நேரமும் சிறிய மிகையோட்டத்தை அதிக நேரமும் அனுமதித்து, மோட்டாரின் சூட்டைத் தன் உடம்பிலேயே உணர்ந்துகொள்கிறது.

ஒரு நுணுக்கம். இந்த ரிலேக்கள் பெரும்பாலும் மூன்று பேஸுக்காகச் செய்தவை, மூன்று கம்பங்கள் இருக்கும். ஒரு பேஸ் மோட்டாருக்கு ஒரே கம்பத்தில் மட்டும் வயரைக் கொடுத்தால், மற்ற இரண்டும் குளிர்ந்திருப்பதைப் பார்த்து ஒரு பேஸ் போய்விட்டது என்று எண்ணி, காரணமின்றித் துண்டிக்கும். அதனால் ஓட்டம் மூன்று கம்பத்திலும் வரிசையாகப் போய்வருமாறு வயரை வளைத்து இணைக்க வேண்டும். தெரியாதவர் இணைத்துவிட்டு, “ரிலே சரியில்ல” என்று கழற்றிப் போடுவதை அடிக்கடி காணலாம்.

டிபி பாக்ஸில் இருக்கும் பிரேக்கரின் வேலை வேறு. அது சுவருக்குள் போகும் வயரைக் காக்கிறது, ஷார்ட் ஆனால் உடனே வெட்டுகிறது. பி வகை பிரேக்கர் தன் எண்ணின் மூன்று முதல் ஐந்து மடங்கில் உடனடியாக விழும். சி வகை ஐந்து முதல் பத்து மடங்கில் விழும். 2 எச்.பி. மோட்டார் 12 ஆம்பியரில் ஓடி, கிளம்பும்போது 70 ஆம்பியர் இழுத்தால், 16 ஆம்பியர் பி வகை பிரேக்கர் காலையில் சுவிட்ச் போட்டவுடனே விழுந்துவிடும். அதற்கு மருந்து சி வகைக்கு மாறுவது. ஆனால் நடப்பது வேறு.

“தம்பி, இந்த 16 அடிக்கடி டிரிப் ஆகுது. 32 போட்டு விடுங்களேன்.”

“அக்கா, 32 போட்டா டிரிப் ஆகாது. சுவத்துக்குள்ள இருக்க வயர் ரெண்டரை எம்.எம். அது தாங்காது.”

“தீபாவளி வரைக்கும் ஓடினா போதும்பா.”

எனக்கு வருத்தமும் கோபமும் ஒன்றாக வருவது இந்த இடத்தில்தான். அந்த அக்காவின்மேல் அல்ல. தீபாவளிக்கு முந்தைய வாரம் முறுக்கு மாவுக்கும் அதிரச மாவுக்கும் வரிசையில் நிற்கும் மக்களை அவர் எப்படித் திருப்பி அனுப்புவார்? பிரேக்கர் ஏன் விழுகிறது என்று பார்க்காமலேயே பெரியதைப் போட்டுவிட்டுக் காசு வாங்கிப் போகிறவர்மேல்தான் கோபம். வளையமாக இல்லாமல் ஒற்றை வழியாகப் போகும் இரண்டரை எம்.எம். வயருக்கு 32 ஆம்பியர் பிரேக்கர் போட்டால், அது காவல் அல்ல. மோட்டார் கிளம்பத் திணறுவதற்குக் காரணம் வலுவிழந்த கெப்பாசிட்டராக இருக்கலாம், இறுகக் கட்டிய பெல்ட்டாக இருக்கலாம், பேரிங்காக இருக்கலாம். தொட்டி நிறைய அரிசியைக் கொட்டிவிட்டுச் சுவிட்ச் போடுவதாகவும் இருக்கலாம். கல்லைச் சுற்றவிட்டு, பிறகு தண்ணீரும் அரிசியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ரிலேயில் தானாக ரீசெட் ஆகும் வசதி ஒன்று உண்டு. கிரைண்டருக்கு அதை ஒருபோதும் போடக் கூடாது. கல் நின்றது என்று ஒருவர் கையை விட்டு மாவை விலக்கிக்கொண்டிருக்கும்போது, ரிலே குளிர்ந்து மோட்டார் திடீரென்று கிளம்பினால் விரல்கள் போய்விடும். கையால் அமுக்கினால்தான் மீண்டும் ஓட வேண்டும். கரண்ட் போய் வரும்போதும் அப்படியே, கான்டாக்டர் விழுந்தே கிடக்க வேண்டும், பொத்தானை அழுத்திய பிறகே எழ வேண்டும்.

பியூஸ், பிரேக்கர், ரிலே எதுவுமே மனிதரைக் காக்காது. ஈரத் தரை, ஈரக் கை, எஃகுத் தொட்டி என்று எல்லாம் சேர்ந்த இடம் மாவுக்கடை. உயிரைப் பறிக்க ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு போதும், ரிலேயின் கணக்கில் அது சூனியம். அங்கே எர்த் வயரும், நாம் இன்னும் இ.எல்.சி.பி. என்றே அழைக்கும் மின்கசிவுக் காவலான ஆர்.சி.டி.யும்தான் துணை. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள் தரை ஈரமாக இருக்கக்கூடிய இடங்களுக்கு 10 மில்லியாம்பியரில் வெட்டும் கருவியைக் கேட்கின்றன. கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30, மற்றவற்றுக்கு 100. மாவு அரைக்கும் இடம் இவற்றில் எதில் சேரும் என்பதைத் தரையைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு இதைச் செய்வதற்கு ஆகும் செலவை, கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டும் செலவுக்கு முன்னால் வைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் ஒரு மோட்டார் எரியலாம். தகட்டின் எண் பொதுவாக 40 பாகை சுற்றுச்சூழலுக்கானது. தோசைக்கல்லுக்கும் வடைச் சட்டிக்கும் நடுவே, காற்றுத் துளைகளில் மாவு காய்ந்து அடைத்துக்கொண்டு ஓடும் மோட்டாருக்கு அந்த 40 பாகை ஒரு கனவு. ரிலே ஸ்டார்ட்டர் பெட்டியில் குளிர்ந்த சுவரில் இருக்கும், மோட்டார் அடுப்படியில் இருக்கும். இருவரும் ஒரே சூட்டை அனுபவிக்காதபோது ரிலேயின் கணிப்பு தவறும். சுற்றுக்குள்ளேயே வைத்த வெப்ப வில்லையின் அருமை அப்போதுதான் புரியும். பாசார் மாலாமில் சின்ன ஜெனரேட்டரில் ஓட்டினால், வோல்ட் குறையக் குறைய மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். அங்கே ரிலே இல்லாமல் ஓட்டவே கூடாது.

எரிந்த மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போகிறது. கோவையில் சுற்றிய கம்பி வெட்டி எடுக்கப்பட்டு, இங்கே வேறு கை அதை மறுபடி சுற்றுகிறது. கம்பியின் தடிமனோ சுற்றின் எண்ணிக்கையோ கொஞ்சம் மாறினால்கூட, தகட்டில் உள்ள எண் இனி அந்த மோட்டாரின் எண் அல்ல. சுற்றும்போதே வெப்ப வில்லையையும் உள்ளே வைத்துக் கட்டச் சொல்ல வேண்டும், அதற்காகப் பிறகு தனியாகப் பிரிக்க முடியாது. மோட்டார் கடைக்குத் திரும்பியதும், வெறுங்கல்லில் ஒருமுறையும் வழக்கமான அளவு உளுந்து போட்டு ஒருமுறையும் கிளாம்ப் மீட்டரால் அளந்து பார்க்க வேண்டும். நிறை சுமையில் பழைய எண்ணைவிடக் குறைவாக வந்தால் திருகையும் அதற்கேற்பக் குறைக்கலாம். அதிகமாக வந்தால் திருகை ஏற்றக் கூடாது, சுற்றியவரிடமே மோட்டாரைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அளந்த ஆம்பியரையும் தேதியையும் ஸ்டார்ட்டர் மூடியின் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்தால், கடை கை மாறினாலும் அடுத்து வரும் வயர்மேன் எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்வார்.